டெலிபோன் கொக்கிக்கு வைத்த சந்தனம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு.
பவ வருடம், ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என்றும் என் பெருமதிப்புக்குரிய தைப்பிங் அண்ணா அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தம்பி கதிர்காமநாதன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. தலைகுனிந்து என்பது வழக்கத்துக்காகப் போட்ட சொல் அல்ல, உண்மையாகவே குனிந்துதான் இருக்கிறது.

இங்கு யாவரும் முருகன் கிருபையால் சுகம். அங்கு உங்களுடைய சுகத்தையும் அண்ணியாருடைய சுகத்தையும் அண்ணியார் வளர்க்கும் ஆடுகளுடைய சுகத்தையும் அறிய ஆவல். மேலே யாவரும் என்று எழுதியதில் என் மனைவி செல்வநாயகியும் அடக்கம். அவளுக்குப் பல்வலி என்றும், அதற்கு முன் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்றும் நான் உங்களுக்கு எழுதியிருந்தேன் அல்லவா, அந்த நோய்கள் எல்லாம் நான் உண்டாக்கியவை. அவளுக்கு இதுவரை அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்கு மிளகாய் இடித்துக்கொண்டும் மீன்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டும் நல்ல திடமாக இருக்கிறாள்.

அண்ணா, நம் பிள்ளை அருந்ததிக்கு, படகேறிப் போனால் வருகிற கெப்பாலா பத்தாஸ் ஊர் விசுவலிங்கத்தாருடைய மகனை நீங்கள் பார்த்துச் சொன்னீர்கள். நல்ல குடும்பம், அரசாங்க ஆபீஸில் தகப்பனும் மகனும் மரியாதையான உத்தியோகம், நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. நானும் ஆகட்டும் என்றுதான் உங்களுக்குப் பதில் எழுதினேன். ஆனால் அவர்கள் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லும்போதெல்லாம் செல்வநாயகியின் உடம்பில் ஏதாவது ஓரிடத்தை நான் நோகவைத்துவிடுவேன். வீட்டில் நோயாளி இருக்கும்போது பெண் பார்க்க வருவது முறையில்லை என்று அவர்களும் நின்றுவிடுவார்கள். இப்படியே காலத்தை ஓட்டிக்கொண்டு போயிருப்பேன், எங்கள் ஆபீஸ் டெலிபோன் மாத்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால்.

அந்த டெலிபோனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். சுவரில் அறைந்த பெட்டி மாதிரி அல்ல, இது மேசைமேல் நிற்கிறது. ஒரு தண்டு, தண்டின் உச்சியில் பேசுவதற்கு ஒரு வாய், பக்கத்தில் ஒரு கொக்கி, அந்தக் கொக்கியில் தொங்குவது காதில் வைக்கும் குழல். குழலைக் கையில் எடுத்தால் பாரம் நீங்கிக் கொக்கி மேலே எழும்பும், எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண் என்ன நம்பர் என்று கேட்பாள். பேசி முடித்துக் குழலை மாட்டினால் கொக்கி கீழே இறங்கும், தொடர்பு அறுந்துவிடும். முழு சூட்சுமமும் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது. இது எனக்கு இப்போதுதான் தெரியும், சரஸ்வதி பூசையன்று தெரியாது.

பீச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் எங்கள் அரிசிக் கம்பெனி ஆபீஸில் பெரிய கிளார்க் என்ற முறையில் வருடா வருடம் சரஸ்வதி பூசையை நான்தான் நடத்துகிறேன். வடை தனக்கும் வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு துரை அதற்கு அனுமதி தந்திருக்கிறார். பேனா, மைக்கூடு, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபின் டெலிபோன் மாத்திரம் மொட்டையாக நிற்பதைப் பார்த்தேன். பேச்சு என்பது சரஸ்வதியின் இலாகா, பேசுகிற யந்திரத்தை எப்படி விடுவது. ஆனால் பொட்டு நெற்றியில்தான் வைக்கவேண்டும், டெலிபோனுக்கு நெற்றி எது என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாய் தெரிகிறது, காது தெரிகிறது. வாய்க்கும் காதுக்கும் நடுவில் இருப்பதுதான் நெற்றியாக இருக்கவேண்டும் என்று நியாயம் பேசி, கொக்கி தண்டுக்குள் நுழைகிற துவாரத்தின் மேலே பெரியதாக ஒன்று வைத்தேன். எங்கள் ஸ்டோர் கணக்கைப் பார்க்கிற சீனி முகம்மது, நல்ல மனிதர், நம் விசேஷம் எல்லாவற்றிலும் கூடமாட நிற்பவர், அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியலேலா. இன்னும் கொஞ்சம் கெட்டியா வைங்க."

கெட்டியாக வைத்தேன். பன்னீர் விட்டு அரைத்த சந்தனம், மெதுவாக உள்ளே வழிந்தது. யந்திரம் பிரசாதத்தை ஏற்றுக்கொள்கிறது என்று நான் கைகூப்பினேன்.

பூசை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று முதலில் அடித்த மணியே விசுவலிங்கத்தாருடையதுதான். துரை சாப்பிடப் போயிருந்தார். நான் குழலை எடுத்தேன்.

"கதிர்காமநாதன், வாற புதன்கிழமை நல்ல நாளாம். நாங்கள் பிள்ளையைப் பாக்க வரட்டோ?" என்றார்.

"வரலாம்தான். ஆனால் செல்வநாயகிக்குக் கணுக்கால் உளுக்கிப்போச்சு. நிலத்திலை கால் வைக்க ஏலாமல் கிடக்கிறா."

"ஐயோ பாவம். போன மாதம் பல்லு எண்டெல்லோ சொன்னனீர்?"

"பல்லு சுகம். அது இப்ப காலுக்கு இறங்கிட்டுது."

இந்த மருத்துவ விளக்கத்தை அவர் மறுக்கவில்லை. உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கோ என்று சொல்லி முடித்தார். நானும் குழலைக் கொக்கியில் மாட்டினேன். மாட்டினேன் என்றால் கண்ணுக்கு மாட்டினதுதான். காய்ந்த சந்தனம் கொக்கி எழும்பியபோது உடைந்து உள்ளே அடைத்துக்கொண்டுவிட்டது, எழுந்த கொக்கி எழுந்தபடியே நின்றது. குழல் அதில் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருக்க, வாய் என் பக்கம் திரும்பித் திறந்தபடி இருந்திருக்கிறது.

"யாரு அண்ணே, சம்பந்தி வீடா? வராங்களா?" என்று சீனி முகம்மது கேட்டார்.

அண்ணா, அதன் பிறகு நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எதற்காகப் பரிந்து பேசப் போகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும். "வரமாட்டினம். வர விட்டால்தானே. செல்வநாயகிக்கு ஒரு உளுக்கும் இல்லை, வீட்டிலை மிளகாய் இடிச்சுக்கொண்டு நிக்கிறா. அந்த மனுசன் கதைக்கத் தொடங்கினால் கூட்ஸ் ரயில்தான், கடைசிப் பெட்டி எப்ப வருமெண்டு தெரியாது. மகன்ர படத்தைப் பாத்தனீரோ, காது ரெண்டும் யன்னல் திறந்துவிட்ட மாதிரி. என்ர பிள்ளையை அவருக்கும் குடுக்கமாட்டன், வேறை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். அவள் போனால் நான் பின்னேரத்திலை ஆரோடை கதைக்கிறது?"

அப்போது குழலுக்குள் ஒரு இருமல் கேட்டது.

சிறிய இருமல்தான். ஆனால் ஆபீஸில் நானும் சீனி முகம்மதும் தவிர வேறு ஆள் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் இருமவில்லை. சீனி முகம்மது எழுந்து வந்து, குழலைத் தொடாமல் குனிந்து காதை அதனருகில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, உள்ளுக்கு ஆள் இருக்கு," என்று மெதுவாகச் சொன்னார்.

நான் குழலைப் பிடுங்கி ஹலோ ஹலோ என்று கத்தினேன். யாரோ மூச்சு விடுவது கேட்டது, பிறகு அதுவும் இல்லை. உங்களுடைய சிநேகிதர், நம்மைவிட வயதில் மூத்தவர், தன் மகனுடைய காதைப் பற்றித் தன் காதாலேயே கேட்டுவிட்டார் என்று நினைத்து, டெலிபோனின் வாயை இரண்டு கையாலும் பொத்தினேன்.

சம்பந்தம் போனாலும் போகட்டும் என்று நான் இருந்திருக்கலாம், நான் விரும்பியதும் அதைத்தானே. ஆனால் அன்று வீட்டுக்குப் போனபோது அருந்ததி தன்னுடைய நீலச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். அவர்கள் புதன்கிழமை வரக்கூடும் என்று யார் மூலமோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் போய், அவைக்கு வசதிப்படேல்லையாம் என்று சொன்னதும் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். முந்தின தடவைகளிலும் அப்படித்தான் மடித்திருப்பாள், நான் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்துவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி இவ்வளவு தூரம் வந்தவன் நான், என் மகள் பட்டர்வொர்த் படகில் ஏறி இறங்குவதை அக்கரைச் சீமைக்கு நாடு கடத்துவது போல நினைத்து அழுகிறேன். வெட்கமாக இருக்கிறது அண்ணா. அவள்தான் பின்னேரத்தில் எனக்குப் பேப்பர் வாசிக்கிறவள், நான் சொல்கிற பகிடிக்குச் சிரிக்கிற ஒரே ஆள். அதற்காக அவளை வீட்டில் வைத்துக்கொள்ள நினைத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆகவே எப்படியாவது மறுநாள் காலையில் விசுவலிங்கத்தாரோடு பேசி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அதற்கு முதலில் டெலிபோன் வேலை செய்யவேண்டும். கொக்கி இறங்காதபடியால் வெளியிலிருந்து ஒருவரும் எங்களைக் கூப்பிட முடியவில்லை, துரையின் மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போய் ரிக்‌ஷாவில் ஆள் அனுப்பிவிட்டாள். நானும் சீனி முகம்மதும் கொக்கியை விரலால் அமுக்கினோம், இறங்கவில்லை. குழலைப் பலமாக மாட்டினோம், இறங்கவில்லை.

"ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு அண்ணே. பாரம் பத்தலேலா," என்று சீனி முகம்மது ஸ்டோருக்குப் போய், அரிசிக் கிடங்கின் பூட்டைக் கொண்டுவந்து குழலோடு சேர்த்து மாட்டினார். கொக்கி முனகிக்கொண்டு இறங்கியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். மணி அடித்தால் முதலில் பூட்டைக் கழற்றி, பிறகு குழலை எடுத்து, பேசி முடிந்ததும் குழலை மாட்டி, மறுபடி பூட்டை மாட்டவேண்டும், அவ்வளவுதான். துரை அறையிலிருந்து வந்தவர் டெலிபோனில் தொங்கும் பூட்டைப் பார்த்துவிட்டு, இதைக் கைது செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். வேலை இல்லாத நேரத்தில் மாத்திரம் ஐயா என்று சொன்னேன். அந்த நேரத்தில் அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

பூட்டோடு ஒரு கம்பெனி நடத்த முடியாது என்று துரை சொல்லிவிட்டுப் போனதால் நான் மூளையை உபயோகித்தேன். இறுகினது எதுவும் எண்ணெயில் இளகும். பூசை விளக்கில் மிச்சமிருந்த நல்லெண்ணெயைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டு அந்தத் துவாரத்தில் விட்டேன். சந்தனம்தான் உள்ளே இருக்கிறது என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை, பூசை செய்த பொருளுக்குப் பூசையால் கெடுதல் வரும் என்று எந்தத் தமிழன் நினைப்பான். கொக்கி நன்றாக ஏறி இறங்கியது. எக்ஸ்சேஞ்ச் பெண் பேசினாள். கெப்பாலா பத்தாஸ் ஆபீஸைக் கேட்டேன், விசுவலிங்கத்தாரே எடுத்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

ராத்திரி முழுவதும் யோசித்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததை முறைப்படி நல்ல வார்த்தையில் தொடங்கினேன். பிறகு உளுக்கு பொய் என்றேன், பல்லு பொய் என்றேன், கூட்ஸ் ரயில் என்று சொன்ன வாயை அரிசி மூட்டை தைக்கிற ஊசியால் தைக்கவேண்டும் என்றேன், உங்கள் மகனுடைய காது ஆண்மைக்கு அழகு என்றேன். என்ர பிள்ளையை விட்டுப் பிரிய ஏலாமல்தான் இவ்வளவும் செய்தனான் என்று சொல்லும்போது கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். மறுபக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோபம் தணியவில்லை என்று நினைத்து முழுவதையும் இன்னொரு தடவை, கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அப்போது சீனி முகம்மது என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, கொக்கி படுத்திருக்கு."

பார்த்தேன். எண்ணெயில் ஊறின கொக்கி, குழல் என் காதில் இருக்கும்போதே, மேலே நிற்கப் பலமில்லாமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டது. எந்த இடத்தில் தொடர்பு அறுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடம் அழுதேன் என்றும் தெரியாது. கேட்கக் கூடாததை எல்லாம் கேட்கவிட்ட யந்திரம், கேட்கவேண்டியதைச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டது.

அதன் பிறகு கொக்கி எழும்பவே இல்லை, மணி அடித்தாலும் எடுத்துப் பேச வழியில்லை. டெலிபோன் இலாகாவிலிருந்து ஒரு ஆள் வந்து அடியைத் திருகித் திறந்து, குச்சியால் மஞ்சளாக ஒரு களிம்பை வழித்து எடுத்தார். ஆபீஸ் முழுக்கக் கோயில் வாசம் வந்தது. துரை அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, மிஸ்டர் நாதன், இது என்ன என்று கேட்டார். பாதுகாப்புக்காக வைத்தது ஐயா என்றேன். எதிலிருந்து பாதுகாப்பு என்றார். பேச்சில் பிழை வராமல் இருப்பதற்கு என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கே என் மேல் இரக்கம் வந்தது. துரை, வடை நல்லதாக இருந்தது என்று மாத்திரம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டெலிபோன் இப்போது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மறுபடி அவரைக் கூப்பிட எனக்குத் துணிவு இல்லை. அவரும் கூப்பிடவில்லை. முதல் நாள் அவரை அவமதித்தேன், அடுத்த நாள் கூப்பிட்டுப் பாதியில் முகத்தில் அடித்தமாதிரித் துண்டித்தேன் என்றுதானே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஆகையால் அண்ணா, இந்தக் கடிதம் கண்டதும் நீங்கள் ரயிலேறிப் பிறை ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து நேரே கெப்பாலா பத்தாஸுக்குப் போய், குற்றம் தம்பியின் நாக்கில் பாதி, கொக்கியில் பாதி என்று எடுத்துச் சொல்லி, எப்படியாவது இந்தச் சம்பந்தத்தைக் காப்பாற்றித் தரவேண்டும். என் மூப்புக்குத் துணையாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், அந்தப் பிள்ளையின் முகத்தை இனி அப்படி வாடவிட என்னால் முடியாது.

அண்ணியாருக்கு என் வணக்கத்தையும் செல்வநாயகியின் அன்பையும் சொல்லவும். உங்கள் இருவருக்கும் சகல பாக்கியமும் பெருகவும், அண்ணியாரின் ஆடுகள் பெருகவும் நல்லூர்க் கந்தனை வேண்டும்,

உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
கதிர்காமநாதன்.

பின்குறிப்பு:

அண்ணா, ரயிலேற வேண்டாம். மேலே எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். இதை மடித்து உறையில் போடப் போகும்போது வாசலில் ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன. விசுவலிங்கத்தார், மனைவி, மகன், தட்டுத்தட்டாகப் பூவும் பழமும். அவர் மனைவி ஒரு போத்தல் எண்ணெயோடு உள்ளே வந்து, "கால் எப்படி இருக்கு?" என்று செல்வநாயகியைக் கேட்டார். செல்வநாயகி, "எந்தக் கால்?" என்று கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஓ, இந்தக் கால். இப்ப பரவாயில்லை," என்றாள். அவளுக்கு நான் பதில் சொல்லவேண்டிய நேரம் இனித்தான் வரும்.

விசுவலிங்கத்தார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதல் நாள் தான் சொல்லவேண்டியதைச் சொன்ன உடனே வைத்துவிட்டாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். அப்படியானால் இருமினது எக்ஸ்சேஞ்சில் இருந்த யாரோ, அவர்களுக்குத் தமிழும் தெரிந்திராது. இரண்டாம் நாள் நான் கூப்பிட்டபோது, "உங்கட மகனுக்கு என்ர பிள்ளையைத் தாறதிலை எனக்கு முழுச் சம்மதம்," என்பது வரைக்கும்தான் கேட்டதாம். நான் சொன்ன அடுத்த சொல் "ஆனால்" என்பது, பொய்யும் காதும் அழுகையும் அதற்குப் பிறகு வந்தவை, அதற்குள் கொக்கி இறங்கிவிட்டிருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிட்டு வைத்த என் பெருந்தன்மையை அவர் வழியெல்லாம் மகனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தாராம். பதில் சொல்லக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கிடைக்காததால்தான் நேரில் வந்திருக்கிறார்கள். பையனுடைய காது படத்தில் இருந்த அளவு இல்லை, அது படம் பிடித்தவனுடைய பிழை. எல்லாம் பேசி முடிவாகிவிட்டது, தை மாதம் நாள் பார்க்கிறார்கள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட உள்ளே வந்தேன். அருந்ததி பின்னாலேயே வந்தாள், நீலச் சேலை உடுத்தியிருந்தாள்.

"அப்பா, நீங்களே கூப்பிட்டுச் சம்மதம் சொன்னனீங்களாம்," என்றாள்.

நான் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"உங்களுக்கு மனமில்லை எண்டு எனக்குத் தெரியும். அவை திரும்பக் கேட்டால் எனக்கு விருப்பமில்லை எண்டு நானே சொல்லுறதெண்டு இருந்தனான். உங்களை அழவிட்டிட்டு எனக்குப் போகேலாது. இப்ப நீங்களாச் சொன்னபடியால் எனக்கு நிம்மதி, அப்பா."

அண்ணா, அந்த ஆனால் என்ற சொல்லை நான் அவளுக்கு எப்படிச் சொல்வது. ஓம் பிள்ளை, முழு மனதோடைதான் சொன்னனான் என்றேன். பொய் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன், சொல்லி முடிக்கிறபோது பொய்யாக இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் தேத்தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள்.

கிழிக்கவில்லை, உங்களுக்கே அனுப்புகிறேன். சம்மதத்தைச் சொன்னது நான், அந்த இடத்தில் நிறுத்தியது கொக்கி என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். நீங்கள் வாசித்ததும் அடுப்பில் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வாருங்கள். அவளுக்கு மாத்திரம் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள்.